ஈகையா, உரிமையா?

பசித்தவனுக்குச் சோறு கிடைக்க வேண்டும் என்பதில் உலகில் இரு கருத்து இல்லை. அந்தச் சோற்றை யார் இடுவது, யாருக்கு இடுவது, எந்த முறையில் இடுவது என்னும் மூன்று வினாக்களில்தான் மக்கள் கட்சி பிரிந்து நிற்கின்றனர். இப்பிரிவு சட்டமன்றங்களில் மட்டும் காணப்படுவதன்று. ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து பேசுவோரிடமும், பெருநாளன்று ஒரு வீட்டில் கூடும் உறவினரிடமும் அதனைக் காணலாம். ஒருவர் சொல்வார்: “அரசாங்கம் இலவசமாக அள்ளிக் கொடுப்பதற்குப் பெயர் சோஷலிசம். அது மனிதனைச் சோம்பேறியாக்கும். நமக்கு ஜகாத் இருக்கிறது, அது போதும்.” மற்றவர் மறுப்பார்: “ஜகாத் இன்று பணக்காரர் மனம் வைத்தால்தான் கிடைக்கிறது. ஏழையின் வயிற்றை இன்னொருவர் மனத்திடம் அடகு வைக்கலாமா? எல்லாவற்றையும் அரசாங்கமே ஏற்கட்டும்.”

இருவர் சொல்லிலும் உண்மை உண்டு. ஆயின் இருவரும் கொடுப்பவரைப் பற்றியே பேசுகின்றனர். பெறுகின்ற மனிதர் எந்த நிலையில் நின்று பெறுகிறார்? பிறர் தயவாகப் பெறுகிறாரா, தமக்குரிய பங்காகப் பெறுகிறாரா? பெற்றுக்கொண்டு வீடு திரும்பும்போது அவர் தலை நிமிர்ந்திருக்கிறதா, கவிழ்ந்திருக்கிறதா? இவ்வினாவை நடுவில் வைத்து இந்தப் பழைய வழக்கைச் சற்று ஆராய்வோம்.

பெயரைப் பற்றிய சண்டை

சோஷலிசம் என்னும் சொல்லின் மூலப்பொருள், தொழிலும் நிலமும் முதலும் சமுதாயத்தின் உடைமையாக வேண்டும் என்பது. முதியோருக்கு உதவிப் பணமும், நோயாளிக்கு இலவச மருத்துவமும், பள்ளிப் பிள்ளைக்கு உணவும் அளிப்பது வேறொன்று. தனியுடைமை நிலைத்திருக்கும் நாடுகளிலும் இவை நடைபெறுகின்றன. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதனால் விளையும் குழப்பமே நாம் கேட்கும் வாக்குவாதங்களில் பாதி.

வரலாற்றைப் பாருங்கள். தொழிலாளருக்கு நாடு தழுவிய கட்டாயக் காப்பீட்டை முதலில் ஏற்படுத்தியவர் ஜெர்மனியின் பிஸ்மார்க். நோய்க்கால உதவிக்கு 1883இலும், தொழில் விபத்துக்கு 1884இலும், முதுமைக்கு 1889இலும் சட்டங்கள் வந்தன. அதே பிஸ்மார்க்தான் 1878இல் சோஷலிஸ்டுகளின் சங்கங்களைத் தடைசெய்யும் சட்டத்தையும் கொண்டுவந்தவர். சோஷலிசத்தின் பகைவர் கையாலேயே ஏழைக்கு முதல் பாதுகாப்பு வலை பின்னப்பட்டது என்பது எண்ணத்தக்கது.

அமெரிக்காவில் 1935 ஆகஸ்ட் 14 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டபோது, அதனை எதிர்த்தவர்கள் “இது சோஷலிசம்” என்றே கூறினர். இன்று இரு கட்சிகளின் வாக்காளரும் அந்த முதியோர் உதவித் தொகையைத் தங்கள் உரிமை என்றே கருதுகின்றனர். அந்நாட்டுக் கருத்துக் கணிப்பாளர்கள் 1980களிலிருந்து கண்டுவரும் வியப்பான செய்தி ஒன்றும் உண்டு. “நலத்திட்டச் செலவு போதுமா?” என்று கேட்டால், போதாது என்பவர் சிலரே. “ஏழைகளுக்குச் செய்யும் உதவி போதுமா?” என்று கேட்டால், போதாது என்பவர் மிகப் பலர். பொருள் ஏறக்குறைய ஒன்றே. பெயரை மாற்றியதும் மனமும் மாறிவிடுகிறது.

நம் நாட்டிலும் இச்சொல் அமைதியாக வாழவில்லை. 1955இல் சென்னையை அடுத்த ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சமதர்ம பாணிச் சமுதாயத்தைத் தன் இலட்சியமாக அறிவித்தது. 1976இல் நாற்பத்திரண்டாம் திருத்தத்தின் வாயிலாக அச்சொல் அரசியல் சட்டத்தின் முகவுரையில் ஏறியது. அதனை நீக்கக் கோரிய மனுக்களை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இந்தியாவில் இச்சொல் மக்கள் நல அரசையும் சமவாய்ப்பையுமே குறிக்கும், தனியார் தொழிலைத் தடுக்காது என்றும் அந்நீதிமன்றம் விளக்கியது.

முஸ்லிம் உலகமும் இச்சண்டைக்கு விலக்காகவில்லை. சிரியாவின் அறிஞர் முஸ்தபா அஸ்ஸிபாயீ 1959இல் இஸ்லாத்தின் சோஷலிசம் என்னும் பொருள்படத் தம் நூலுக்குப் பெயரிட்டார். மௌலானா மௌதூதி போன்றோர் இஸ்லாத்தோடு அச்சொல்லை ஒட்டவைப்பதையே ஏற்கவில்லை. பாகிஸ்தானில் 1970ஆம் ஆண்டுத் தேர்தலை ஒட்டி இச்சொல்லுக்கு எதிராக ஃபத்வாவே எழுந்தது. அத்தனை மைச்செலவிலும் ஓர் ஏழையின் அடுப்பு எரிந்ததாகத் தெரியவில்லை. ஆகவே பெயரை ஒருபுறம் வைத்துவிட்டுப் பொருளுக்கு வருவோம்.

நம் முன்னோர் வாதாடிய வாதம்

செல்வத்தில் ஏழைக்கு எவ்வளவு உரிமை என்னும் கேள்வி நேற்று ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்கியதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தோழர்களிடையிலேயே அது எழுந்தது. ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் சிரியாவில் ஹஜ்ரத் முஆவியா (ரலி) ஆளுநராக இருந்தார்கள். பொன்னையும் வெள்ளியையும் சேர்த்துவைத்து, இறைவழியில் செலவிடாதோரை எச்சரிக்கும் திருவசனம் (9:34) யாரைக் குறிக்கிறது என்பதில் அவர்களுக்கும் ஹஜ்ரத் அபூதர் கிஃபாரி (ரலி) அவர்களுக்கும் கருத்து மாறுபட்டது. முன் வேதத்தினரைப் பற்றியது என்றார்கள் ஆளுநர். அவர்களையும் நம்மையும் பற்றியது என்றார்கள் அபூதர். அந்த எளிய மனிதர் பின்னர் ரபதா என்னும் பாலைவன ஊரில் தனித்து வாழ்ந்து, ஹிஜ்ரி 32இல் அங்கேயே மறைந்தார்கள்.

ஜகாத் கொடுக்கப்பட்ட பொருள் “பதுக்கிய பொருள்” ஆகாது என்பது ஹஜ்ரத் இப்னு உமர் (ரலி) அவர்களின் விளக்கம். பெரும்பான்மை அறிஞர்கள் கொண்டதும் அதுவே. ஆயினும் ஜகாத்தோடு கடமை தீர்ந்தது என்று எல்லோரும் சொல்லவில்லை. ஸ்பெயின் நாட்டு அறிஞர் இப்னு ஹஸ்ம் தமது அல்-முஹல்லாவில், ஜகாத் போதாமற்போனால் ஏழைகளுக்கு உணவும், உடையும், வெயிலிலும் மழையிலும் காக்கும் உறைவிடமும் அளிக்குமாறு செல்வரை ஆட்சியாளர் கட்டாயப்படுத்த வேண்டும் என்று கருத்துரைத்தார். இன்று வரி விதித்து நலத்திட்டம் நடத்தும் அரசைக் கண்டு, “இது நம் மார்க்கத்துக்குப் புதியது” என்று சொல்வோர், ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இக்கருத்தைச் சிந்திப்பார்களாக.

எல்லை எதுவென்பதில்தான் இவர்கள் மாறுபட்டனர், அடிப்படையில் மாறுபடவில்லை. செல்வரின் பொருளில் கேட்பவருக்கும் இல்லாதவருக்கும் வரையறுக்கப்பட்ட உரிமை உண்டு என்பது திருமறையின் கருத்து (70:24, 25). அங்கே ஆளப்பட்டுள்ள சொல் “ஹக்”. கடன் கொடுத்தவனுக்குக் கடன் வாங்கியவனிடத்தில் இருப்பதும் ஹக் என்றே சொல்லப்படும். உரியதைக் கொடுப்பவர் தம்மை வள்ளல் என்று எண்ணிக்கொள்ள இங்கே இடமில்லை.

கோடரியின் பாடம்

“இலவசம் சோம்பலை வளர்க்கும்” என்னும் வாதத்தை நாம் இலேசாகத் தள்ளிவிட விரும்பவில்லை. உழைக்கும் வலிமையுள்ளவன் கையேந்துவதை நபிகள் நாயகம் (ஸல்) விரும்பவில்லை என்பதற்குச் சான்றுகள் உண்டு. இவ்வாதத்தை எடுத்துரைப்போர் வழக்கமாகச் சொல்லும் சான்று, யாசிக்க வந்த அன்சாரித் தோழரின் வரலாறு. அவர் வீட்டில் எஞ்சியிருந்தவை ஒரு விரிப்பும் ஒரு கிண்ணமும். பெருமானார் அவற்றை ஏலமிட்டு இரண்டு திர்ஹத்துக்கு விற்று, ஒரு கோடரி வாங்கச் செய்து, விறகு வெட்டி விற்குமாறு அனுப்பினார்கள். பதினைந்து நாட்களில் அவர் பத்துத் திர்ஹம் ஈட்டித் திரும்பினார்.

இவ்வரலாற்றை நம்மவர் பாதியளவே சொல்கின்றனர். இரண்டு திர்ஹத்தில் முதல் திர்ஹம் எதற்குச் சென்றது? குடும்பத்துக்கு உணவு வாங்க. அதன் பின்னரே இரண்டாவது திர்ஹத்தில் கோடரி. அக்கோடரிக்குக் காம்பைப் பொருத்தியவர்களும் பெருமானாரே. தம் கையாலேயே பொருத்தினார்கள். உழைத்துப் பிழை என்று அறிவுரை கூறுவோர், பிள்ளைகளின் பசியை முதலில் தணித்து, கருவியையும் கொடுத்து, அது கைக்குப் பொருந்துகிறதா என்றும் பார்க்கக் கடமைப்பட்டுள்ளனர். ஏழையின் வயிற்றில் ஒன்றும் போடாமல், கையிலும் ஒன்றும் கொடுக்காமல், காதில் மட்டும் உபதேசத்தைப் போடுவதற்கு இந்த ஹதீஸில் இடமில்லை.

பால் மறக்கடிக்கப்பட்ட குழந்தை

இனி, யாருக்குக் கொடுப்பது என்னும் வினா. தகுதியைச் சோதித்து, வறியவர் என்று உறுதியானவருக்கு மட்டும் கொடுக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்துவிட வேண்டும் என்பது மற்றொரு கட்சி. முதற் கட்சி நியாயமாகவும் சிக்கனமாகவும் தோன்றும். ஆயின் நிபந்தனை ஒன்றை விதிக்கும்போது அது ஏழையின் வீட்டுக்குள் நுழைந்து என்ன செய்கிறது என்பதைக் காண வேண்டும்.

ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் பொது வருவாயிலிருந்து மக்களுக்கு மானியம் வழங்கப் பதிவேடு ஏற்படுத்தியிருந்தார்கள். குழந்தைகளுக்கும் மானியம் உண்டு. ஆனால் பால் மறந்த பின்னரே. ஒருநாள் மதீனாவுக்கு வெளியே வணிகக் கூட்டம் ஒன்று தங்கியது. கலீஃபாவும் ஹஜ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் இரவில் அதற்குக் காவல் இருந்தனர். ஒரு குழந்தை ஓயாமல் அழுதது. கலீஃபா மும்முறை சென்று தாயைக் கடிந்தார்கள். வந்திருப்பவர் யாரென்று அறியாத அந்தத் தாய், உமர் பால் மறந்த பிள்ளைக்குத்தான் மானியம் தருகிறார், அதனால் காலத்துக்கு முன்பே பால் மறக்கடிக்கிறேன் என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். அன்று சுபுஹுத் தொழுகையில் கலீஃபாவின் ஓதல் அழுகையினால் மக்களுக்கு விளங்கவில்லை. தொழுகை முடிந்ததும், பிறந்த குழந்தை ஒவ்வொன்றுக்கும் மானியம் உண்டு என்று எங்கும் அறிவிக்கச் செய்தார்கள்.

கலீஃபா அந்தத் தாயை ஏமாற்றுக்காரி என்று சொல்லவில்லை. அவள் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கவும் இல்லை. குற்றம் தம் விதியில் உள்ளதென்று கண்டார்கள், விதியை மாற்றினார்கள்.

பிரிட்டனில் 1931இல் வேலையற்றோருக்கான உதவிக்கு வீட்டு வருமானச் சோதனை புகுத்தப்பட்டது. அதிகாரிகள் வீடு தேடிச் சென்று விசாரித்தனர். மகனுக்கோ மகளுக்கோ வருமானம் இருந்தால் தந்தையின் உதவித் தொகை குறைந்தது. அதனால் சம்பாதிக்கும் பிள்ளைகள் பெற்றோர் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. மதீனாவில் ஒரு குழந்தை தாய்ப்பாலிலிருந்து பிரிக்கப்பட்டது; இங்கே பிள்ளைகள் வீட்டிலிருந்து பிரிக்கப்பட்டனர். 1942இல் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கை, இச்சோதனை இல்லாத காப்பீட்டு முறையைப் பரிந்துரைத்தபோது மக்கள் அதனை ஆவலோடு வரவேற்றதற்கு இந்தக் கசப்பும் ஒரு காரணம்.

நம் நாட்டில் 1997இல் மத்திய அரசு, வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் என்று குடும்பங்களைப் பிரித்து ரேஷன் முறையை மாற்றியமைத்தது. தமிழ்நாடு அப்பிரிவினையை ஏற்காமல் அனைவருக்கும் பொதுவான முறையையே தொடர்ந்தது. அரிசி வேண்டாதவர் சர்க்கரை அட்டையோ பொருளில்லா அட்டையோ கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். “நான் ஏழை” என்று நிரூபிக்கும் சுமையை ஏழையின் மேல் ஏற்றாமல், “எனக்கு வேண்டாம்” என்று சொல்லும் வசதியை வசதியுள்ளவருக்கு விட்ட முறை இது.

மதிய உணவும் அவ்வாறே. 1956இல் காமராஜர் தொடங்கிவைத்த அத்திட்டத்தை எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். அது வீண் செலவு, வாக்குக்காகச் செய்வது என்று அன்று எழுதியவர் பலர். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாடெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க ஆணையிட்டது. ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் பிள்ளைகளில் எவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை அடுத்த பிள்ளை அறியமாட்டான். அந்த அறியாமை ஏழைப் பிள்ளைக்குப் பெரிய பாதுகாப்பு.

“தகுதியற்றவரும் பெற்றுவிடுவாரே?” என்று கேட்கலாம். பெறுவர், மறுப்பதற்கில்லை. எந்த முறையிலும் இரு பிழைகள் நேரும்: வேண்டாதவருக்குச் சேர்வது ஒன்று, வேண்டியவருக்குச் சேராமற்போவது மற்றொன்று. முதற் பிழையில் பொருள் நட்டமாகும். இரண்டாம் பிழையில் ஓர் உயிர் வாடும். இரவில் தர்மம் செய்த ஒருவரின் பொருள், அவர் அறியாமல் ஒரு திருடனிடமும், ஒழுக்கம் தவறிய ஒரு பெண்ணிடமும், ஒரு செல்வரிடமும் சென்று சேர்ந்ததையும், ஊரார் அதனைப் பழித்ததையும், அவருடைய தர்மத்தினால் அம்மூவரும் திருந்தக்கூடும் என்று அவருக்கு உணர்த்தப்பட்டதையும் ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். எந்தப் பிழைக்கு நாம் அதிகம் அஞ்ச வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவு வேண்டுமா?

இரண்டு கைகளும் வேண்டும்

அப்படியானால் ஜகாத்தையும் எல்லோருக்கும் பகிரலாமா? முடியாது. ஜகாத் பெறத்தக்க எட்டு வகையினரைத் திருமறையே வரையறுத்துவிட்டது (9:60). ஆனால் கலீஃபா உமர் (ரலி) எல்லோருக்கும் வழங்கிய மானியம் ஜகாத்திலிருந்து வந்ததன்று. நாட்டின் பொது வருவாயிலிருந்து வந்தது. ஆகவே தேவையறிந்து கொடுப்பதும் பொதுவாகக் கொடுப்பதும் ஆகிய இரு முறைகளும் நம் வரலாற்றில் அருகருகே இருந்தன. ஒன்றிருந்தால் மற்றது வேண்டாம் என்னும் வாதம் பிற்காலத்தது.

இரு முறைகளுமே பெறுபவரை மறந்தபோது தவறின என்பதற்கு நம் காலத்திலேயே சான்றுகள் உண்டு. பாகிஸ்தானில் 1980இல் பிறப்பிக்கப்பட்ட சட்டத்தின்படி, ரமலான் தொடக்கத்தில் வங்கிச் சேமிப்புக் கணக்குகளிலிருந்து நூற்றுக்கு இரண்டரை ஜகாத்தாகப் பிடித்தம் செய்யப்பட்டது. ஷியா மக்கள் கிளர்ந்தெழுந்து விலக்குப் பெற்றனர். மற்றவர்களிலும் பலர் ரமலான் பிறக்குமுன் பணத்தை வங்கியிலிருந்து எடுத்துக்கொள்ளலாயினர். சட்டத்தின் கை உள்ளத்தைத் திறக்கவில்லை.

தனியார் ஈகையின் மறுபுறமும் நெஞ்சைச் சுடுவது. இந்தோனேசியாவின் பாசுருவான் நகரில் 2008 செப்டம்பர் 15 அன்று, ரமலான் மாதத்தில், ஒரு செல்வரின் வீட்டில் ஜகாத் பெறக் கூடிய நெரிசலில் 21 பெண்கள் மாண்டனர். ஒவ்வொருவரும் எதிர்பார்த்து வந்தது ஒரு சிறு தொகை. கொடுத்தவரின் எண்ணத்தை நாம் குறைகூறவில்லை. ஆனால் வறியவரை வாசலுக்கு வரவழைத்துக் கொடுக்கும் வழக்கம், கொடுப்பவருக்கு எளிது. வாங்குபவருக்கு மானக்கேடு, சிலபோது மரணம்.

கேளாதவரைத் தேடி

வறுமையை வெளிக்காட்டாமல் நடப்பதால் அறியாதவர் கண்ணுக்குச் செல்வராகத் தோன்றுவோரைத் திருமறை தனியே சுட்டிக் காட்டுகிறது (2:273). அவர்கள் வரிசையில் நிற்கமாட்டார்கள். ஒவ்வொரு மஹல்லாவிலும் அத்தகையோர் உண்டு: வெளுத்த சட்டையோடு முதல் சஃப்பில் நிற்கும் ஓய்ந்துபோன கணக்கர், பகலில் தையல் எந்திரத்தின் ஓசையால் பிள்ளைகளின் பசியை மறைக்கும் விதவை. ஈகைக் கட்சியின் வாசலிலும் அரசாங்கக் கட்சியின் அலுவலகத்திலும் இவர்கள் தென்படுவதில்லை. எந்த ஏற்பாடு இவர்களைத் தலைகவிழச் செய்யாமல் சென்றடைகிறதோ அதுவே நல்ல ஏற்பாடு என்பது நம் துணிபு.

வேலையின்மை, முதுமை, நோய் ஆகிய காலங்களில் பொது உதவி பெறும் உரிமையை நம் அரசியல் சட்டத்தின் 41ஆம் பிரிவு பேசுகிறது. ஆனால் அதனை நீதிமன்றத்தின் வாயிலாக வலியுறுத்திப் பெற இயலாது என்கிறது 37ஆம் பிரிவு. ஏட்டிலுள்ள உரிமை ஏழையின் வீடு வந்து சேர, எழுத்தறிந்தவர் துணை வேண்டும். முதியோர் உதவித் தொகைக்கும் விதவை உதவித் தொகைக்கும் மனு எழுதித் தருவதும், இல்லாத சான்றிதழைப் பெற்றுத் தருவதும், அலுவலகத்துக்கு உடன் செல்வதும் ஜமாஅத் இளைஞர் செய்யத்தக்க தொண்டு. அரசாங்கப் பணம் வாங்குவது கௌரவக் குறைவு என்று அவர்களைத் தடுப்போர், அவர்கள் உழைத்த காலத்தில் வாங்கிய பொருள்களுக்குக் கொடுத்த வரியை மறந்து பேசுகின்றனர்.

ஹஜ்ரத் உமர் (ரலி) வீதியில் யாசித்துக்கொண்டிருந்த ஒரு யூத முதியவரைக் கண்டு, வீட்டுக்கு அழைத்துச் சென்று உதவி, அவரையும் அவரைப் போன்றோரையும் கவனிக்குமாறு பைத்துல்மால் பொறுப்பாளருக்கு ஆணையிட்ட வரலாற்றை இமாம் அபூயூசுப் தமது கிதாபுல் கராஜில் எழுதியுள்ளார். இளமையில் ஒருவரிடம் வாங்கிக்கொண்டு முதுமையில் கைவிடுவது நீதியாகாது என்பதே கலீஃபா காட்டிய காரணம். முதியவர் எந்தச் சமயத்தவர் என்பது அதற்குத் தடையாகவில்லை.

வரும் ரமலானில் ஜகாத் கணக்குப் பார்க்க அமரும்போது, எவ்வளவு கொடுப்பது என்பதோடு எவ்வாறு கொடுப்பது என்பதையும் குடும்பத்தோடு சேர்ந்து எண்ணிப் பார்ப்போம். வாசலில் வரிசை நிற்கவிடாமல், நாமே அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவோம். முடிந்தால் மஹல்லா பைத்துல்மாலின் வழியாக, பெயர் தெரியாமலே கொடுப்போம். படம் எடுத்து ஊருக்குக் காட்டுவதை அறவே விடுவோம். அரசு கொடுப்பது எவருக்கேனும் சேராமலிருந்தால் சேர்ப்பிப்போம். அதற்குச் சோஷலிசம் என்று ஒருவரும் தர்மம் என்று மற்றொருவரும் பெயரிட்டுக்கொள்ளட்டும். தமக்குரியதைப் பெற்றுக்கொண்டு தலைநிமிர்ந்து வீடு திரும்புகிறவருக்கு அந்தப் பெயரால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை.